கைக்குட்டையின் மூலை

அன்புள்ள ஐயா,

பாரிஸ் ஃபேஷன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். இருபது வருஷமாக வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். டிசைனர் என்றால் படம் வரைகிறவர், தைப்பது வேறு யாரோ என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. ஊசி பிடித்து வளர்ந்து, துணியை வைத்தே பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உண்டு. மதலேன் வியொன்னே.

1876இல் பிரான்ஸின் லுவாரே பகுதியில் பிறந்தவர். பன்னிரண்டு வயது வாக்கிலேயே தையல் வேலைக்கு விட்டுவிட்டார்கள். இளவயதுக் கல்யாணம், பிறந்த பெண் குழந்தை தவறிப்போனது, கணவரைப் பிரிந்தது, லண்டனில் பிழைப்பு. அப்புறம் பாரிஸ் திரும்பி, அங்கே பேர்பெற்ற உடை நிறுவனங்களான கலோ சகோதரிகளிடமும் ஜாக் தூசேயிடமும் வேலை பார்த்து, 1912இல்தான் சொந்தக் கடை திறந்தார். முதல் உலகப் போர் வந்ததும் மூடி, முடிந்ததும் மறுபடி திறந்தார்.

அவர் செய்தது என்ன என்று தெரிய ஒரு கைக்குட்டை போதும். எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து இழுங்கள், துணி விறைப்பாக நிற்கும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள், நெகிழ்ந்து நீளும். நீங்கள் கழுத்துக்கு கிராஸ் பீஸ், அதாவது துணியை மூலைவாக்கில், வெட்டுவது இதற்காகத்தானே? வளைவில் சுருக்கமில்லாமல் படிகிறது. இது அவருக்கு முன்னாலும் தெரிந்ததுதான், ஆனால் காலர், ஓர வேலை அளவில். முழு கவுனையும் கிராஸில் வெட்டித் தொங்கவிட்டார் வியொன்னே. உள்ளே கோர்செட், அதாவது இடுப்பை இறுக்கும் உள்ளாடை, வேண்டாம். உடம்பு அசையும்போது துணியும் கூடவே அசைந்தது. கிராஸில் வெட்டினால் துணி அதிகம் தின்னும், அகலமும் போதாது என்பது உங்களுக்கே தெரியும். அவருக்காகவே இரண்டு மீட்டர் அகலத்தில் க்ரேப் என்ற துணியை நெய்து கொடுத்தது பியான்கினி-ஃபெரியே நிறுவனம்.

அவர் காகிதத்தில் வரைந்து தொடங்கியதில்லை. சின்ன மர பொம்மை ஒன்றின் மேல் துணியைப் போட்டு, ஊசி குத்தி, திருப்பி, வெட்டிப் பார்ப்பார். சரியாக வந்த பிறகுதான் பெரிய அளவுக்குப் போகும். இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். படத்தில் துணிக்கு எடை கிடையாது. கையில் உண்டு.

1923இல் கடை பாரிஸின் அவென்யூ மோந்தேய்ன் என்ற தெருவுக்கு மாறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தையல்காரிகள் அங்கே வேலை செய்தார்கள். முதுகு சாய்க்க இடமில்லாத முக்காலியில் குனிந்து தைப்பது எப்படி வலிக்கும் என்று சிறுவயதிலேயே அறிந்தவர், எல்லோருக்கும் சாய்வுள்ள நாற்காலி போட்டார். சாப்பாட்டுக் கூடம், மருத்துவர், பிரசவ விடுப்பு எல்லாம் இருந்தன. சம்பளத்தோடு விடுமுறை என்பது பிரான்ஸில் சட்டமானது 1936இல். அவர் அதற்கு முன்பே கொடுத்தார்.

திருட்டு நகல்களோடும் விடாமல் போராடினார். ஒவ்வொரு உடையையும் முன், பின், பக்கம் என்று படமெடுத்து வைத்தார். லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தார். 1939இல் கடையை மூடியபோதும் அந்த ஆல்பங்களைத் தூக்கிப் போடவில்லை. 1952இல் உடைகள், வெட்டுத் துணி மாதிரிகளோடு சேர்த்துப் பொதுச் சொத்தாகக் கொடுத்துவிட்டார். இன்று அவை பாரிஸில் அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1975இல், 98 வயதில் காலமானார்.

உங்களுக்கு நேரம் கிடைத்தால் மெல்லிய க்ரேப்பில் ஒரு பாவாடையை முழுக்க கிராஸில் வெட்டிப் பாருங்கள். கீழ் ஓரத்தை மட்டும் உடனே மடித்துத் தைத்துவிட வேண்டாம். ஒரு ராத்திரி கொடியில் தொங்கவிடுங்கள். துணி தன் எடையில் இறங்கி நிற்கும், காலையில் அந்த இடத்தில் அளவு வையுங்கள்.