ஒரு பக்கமும் ஓடவில்லை – கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் எழுத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தரம். மட்டக்களப்பில் செட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர். கணிதம் படிப்பிக்கிறேன். என்னுடைய அவர் போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். வயது 41. மகனைப் பாடசாலையில் விட்டுவிட்டு வந்தவர், முற்றத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்டைப் போட்டவர், அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எட்டு மாதமாகிறது.

எங்கள் வீட்டில் புத்தகத்துக்குக் குறைவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. இப்போது எனக்கு ஒரு பக்கமும் ஓடவில்லை. ஒரே வரியை நாலு தரம் வாசிக்கிறேன், என்ன வாசித்தாய் என்று கேட்டால் தெரியாது. செத்தவீட்டுக்கு வந்த சிலர் மனதைத் தேற்றுவதற்கு என்று புத்தகங்கள் தந்துவிட்டுப் போனார்கள். கவலையை விடுவது எப்படி, நல்லதையே நினைப்பது எப்படி என்ற மாதிரி. இரண்டு பக்கம் பார்த்தேன், கோபம்தான் வந்தது.

போயா நாள்தான், அந்தப் பௌர்ணமி லீவு நாள்தான், எனக்கு ஆகக் கஷ்டம். அவருக்கும் லீவு, எனக்கும் லீவு, பின்னேரம் மூன்று பேரும் கடற்கரைக்குப் போவோம். இப்போது போயாவுக்கு முதல் நாளே நெஞ்சு இறுகுகிறது. மாமி “இன்னும் எத்தனை நாளைக்குப் பிள்ளை இப்படி?” என்று கேட்கிறா. அவவிலும் பிழையில்லை, அவ பெற்ற பிள்ளை. என்ன புத்தகம் வாசிக்கலாம் என்று சொல்லுங்கள் அக்கா. புத்தகத்தால் இது குறையுமா என்பதையும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்பின் தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஸ்டாண்டைப் போட்டவர் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிக்கு அப்பால் என்னால் உடனே போக முடியவில்லை.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். குறையாது. புத்தகம் வாசித்துக் கவலை குறைந்த ஒருவரையும் நான் கண்டதில்லை, எனக்கும் குறையவில்லை. ஆனால் இது எனக்கு மட்டும் வந்த கிறுக்கு இல்லை, இந்த வழியால் முன்னமே ஆட்கள் போயிருக்கிறார்கள் என்று சில புத்தகங்கள் காட்டும். அது பெரிய விஷயம்தான், ஆனால் அதற்கு மேல் எதையும் புத்தகத்திடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது, வாசிக்க முடியாமல் இருப்பது பற்றி. அது சோம்பல் இல்லை, வாசிப்பு உங்களைக் கைவிட்டுவிட்டது என்றும் இல்லை. கண் வரியில் ஓடும், மனம் எதையும் பிடித்து வைக்காது. துக்கத்திலும் மனச்சோர்விலும் இது வரும், உளமருத்துவர்கள் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. வில்லியம் ஸ்டைரன் என்ற அமெரிக்க நாவலாசிரியர், புலிட்சர் பரிசு பெற்றவர், தனக்கு வந்த மனச்சோர்வைப் பற்றி 1990இல் ‘டார்க்னஸ் விசிபிள்’ என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயர் அதன் கொடுமைக்குக் கிட்டவும் வராத சாதுவான சொல் என்பது அதில் அவருடைய கோபம். அவரைக் காப்பாற்றியது புத்தகம் இல்லை, வைத்தியசாலை. அதை அவரே எழுதியிருக்கிறார்.

அதனால் இதைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நித்திரை வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? நான் ஏன் இருக்கிறேன், நானும் போயிருக்கலாமே என்ற எண்ணம் வருகிறதா? ஒரு நாள் வந்து போவது வேறு. நாள் முழுக்க, இரண்டு கிழமைக்கு மேலாக இப்படியே இருந்தால் புத்தக அலுமாரியை விட்டுவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுக்குப் போங்கள். தனியாகப் போக ஒரு மாதிரியாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நான் கூட வருகிறேன். இரவில் ஒருவரும் இல்லாத நேரம் தாங்க முடியாமல் வந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, 24 மணி நேரமும் எடுக்கலாம். “அங்கெல்லாம் போனால் ஊர் என்ன சொல்லும்” என்று யாராவது சொன்னால், பிரஷர் கிளினிக்குக்குப் போகிறவர்களை ஊர் என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

மாமியின் “எத்தனை நாளைக்கு” என்ற கேள்விக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாழ்க்கையை முடக்கிப்போடுகிற கடும் துக்கம் எப்போது ஒரு நோயாகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க உளமருத்துவக் கையேடும் இப்போது வரையறுத்து வைத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது, அதிலும் அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது. 2022இல் வந்த அமெரிக்கக் கையேடு வளர்ந்தவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நம்முடைய ஆட்கள் ஒரு கையேடும் பார்க்காமல் ஆண்டுத் திவசம் வரைக்கும் என்று வைத்திருந்தார்கள். உங்களுக்கு இன்னும் ஆண்டே முடியவில்லை. மாமிக்கும்தான். அவ கேட்பது உங்களிடமா, தன்னிடமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சரி, போயாவுக்கு வருகிறேன். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்று போயாவும் கூட. என் தங்கச்சி முதல் நாள் பின்னேரம் கடலோர நாவலடியில் சிநேகிதி வீட்டுக்குப் போனவள், நாளைக்கு லீவுதானே என்று இரவு அங்கேயே தங்கிவிட்டாள். அதற்குப் பிறகு நீண்ட காலம் கலண்டரில் அந்த வட்டத்தைக் கண்டாலே எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். கல்லடிப் பாலத்தில் நின்று எல்லாரும் வாவியில் நிலவு விழுவதைப் பார்ப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போவேன். அந்த நாட்களில் எனக்கும் ஒரு எழுத்தும் ஓடவில்லை. ஒன்றரை வருடம் கழித்து முதன்முதலாக உள்ளே போனது ஐந்தே வரி. பள்ளிக்கூடத்தில் படித்த, பரீட்சைக்குப் பாடமாக்கிய பாட்டு. ஒரு பிள்ளைக்கு ரியூஷன் சொல்லிக்கொடுக்கும்போது வந்தது, புறநானூறு 112.

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்

அவ்வளவுதான் வாசித்தேன், மிச்சத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். பாரியின் பெண்கள் இரண்டு பேர் பாடியது. போன மாதத்து நிலவில் அப்பா இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் மலையும் இல்லை, அப்பாவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் கவலையாக இருக்கிறது என்று ஒரு இடத்தில்கூடச் சொல்லவில்லை பாருங்கள். இருந்ததைச் சொல்கிறார்கள், இல்லாததைச் சொல்கிறார்கள், நிலவு மட்டும் அப்படியே நிற்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட முந்திய இரண்டு பிள்ளைகளுக்கும் போயா வந்திருக்கிறது என்றுதான் கிணற்றடியில் நின்று நினைத்தேன். நீங்கள் எழுதிய போயாக் கதையும் அதே பாட்டுத்தான், வேறு ஊர், வேறு கடற்கரை. வாசிக்க முடியாத இந்த நாட்களில் உங்களுக்கு நான் தருகிற முதல் புத்தகம் இந்த ஐந்து வரிதான். முழுதாக எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். விளக்கவுரை ஒன்றும் பார்க்க வேண்டாம்.

அந்த அறிவுரைப் புத்தகங்களை நீங்கள் மூடி வைத்தது சரியான வேலை. தந்தவர்கள் அன்பில்தான் தந்திருப்பார்கள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் துக்கத்தைத் தீர்க்க வேண்டிய ஒரு கணக்குப்போல வைத்து, இந்தப் படி, அந்தப் படி என்று எழுதியவற்றை இந்த நேரத்தில் வாசித்தால், கணக்குப் பிழைத்தது நம்மால்தான் என்று ஒரு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். செத்தவீடுகளில் கிசா கோதமியின் கதையைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தாயிடம், சாவு நடக்காத வீட்டில் ஒரு பிடி கடுகு வாங்கி வா என்று புத்தர் சொன்ன கதை. எல்லார் வீட்டிலும்தானே சாவு, ஆகவே அழாதே என்று முடிப்பார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. புத்தர் அந்த வசனத்தை முதலிலேயே அவளிடம் சொல்லவில்லையே. அவளை நடக்க விட்டார். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி வெளியே வந்து தன் வீட்டுச் சாவைச் சொன்னாள், இவள் நின்று கேட்டாள். அவ்வளவு வாசல் ஏறி இறங்கியதுதான் மருந்து. வசனத்தை மட்டும் பிடுங்கிக் கையில் கொடுத்தால் அது வேலை செய்யாது.

அதனால்தான் நான் அறிவுரை எழுதியவர்களைவிட, தன் வீட்டுச் சாவை எழுதியவர்களிடம் போகிறேன். சி. எஸ். லூயிஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் மனைவியை 1960இல் இழந்தார், அடுத்த வருடம் ‘எ கிரீஃப் அப்சர்வ்ட்’ வந்தது, தன் பெயரைப் போடாமல் வேறு பெயரில். கடவுளைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன மனிதர், அதில் கடவுளோடு சண்டை பிடிக்கிறார். துக்கம் பயத்தைப் போலவே இருக்கிறதே என்றுதான் தொடங்குகிறார். உங்களுக்கு நெஞ்சு இறுகுவது அதுதான். சின்னப் புத்தகம், ஒரு நாளைக்கு அரைப் பக்கமாக வாசிக்கலாம்.

சோனாலி தெரணியகலவின் ‘வேவ்’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஆனால் இப்போது வாசிக்காதீர்கள், ஆண்டு கழியட்டும். யால கடற்கரையில் அதே போயா நாளில் தாய், தகப்பன், கணவர், இரண்டு ஆண்பிள்ளைகள் அத்தனை பேரையும் இழந்தவர். 2013இல் வந்தது. கொழும்பில் தன் பெற்றோரின் வீட்டுக்கு வாடகைக்கு வந்த ஒரு டச்சுக் குடும்பத்தை இரவிரவாகப் போய்த் தொந்தரவு செய்ததை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை, அந்த வீட்டில் உயிரோடு இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவின் இரண்டு பெண்பிள்ளைகளும் சுனாமியில் தப்பிவிட்டார்கள். அவ ஒரு நாள் எனக்கு இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தா. வாழையிலையில் சூடு ஆறாமல் இருந்தது. அவ படலை தாண்டியதும் நான் அதை அவிழ்க்காமலே கோழிக்குப் போட்டேன். அவவின் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு அவவோடு வேறு கோபம் இல்லை. ஒன்பது வருடம் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, நான் கெட்டவள் என்றே நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத ஒரு சிங்களப் பெண் எனக்கு முன்னால் அதைச் சொல்லியிருந்தா. அதற்குப் பிறகுதான் நான் அந்த அக்கா வீட்டுப் படலையைத் திறந்தேன்.

அப்புறம் எங்கள் பெத்தா, அதாவது பாட்டி. அவவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. 1990இல் கூட்டிக்கொண்டு போகப்பட்ட மாமா திரும்பி வரவில்லை. பெத்தா வீட்டில் அழுது நாங்கள் காணவில்லை, அவவுக்கு நெல் அவிக்கவும் ஓலை பின்னவும்தான் நேரம் இருந்தது. ஆனால் வைகாசி பிறந்து கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், கண்ணகியின் கதையான வழக்குரையைப் பாடுகிற இரவுகளில் ஒன்றையும் விட மாட்டா. ஒரே தூணடியில் இருப்பா. கோவலனை வெட்டுகிற இடம் வரும்போது சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொள்வா, அம்மன் மதுரைக்கு வழக்குரைக்கப் போகிற இடத்தில் அதை எடுத்துவிட்டு விம்மி விம்மி அழுவா. ஏன் பெத்தா இதைக் கேட்டுக் கேட்டு அழுகிறீங்க என்று சின்னதில் ஒரு தரம் கேட்டேன். “அவள் ராசாக்கு முன்னால நேருக்கு நேர் நிண்டு கேக்காள் புள்ள. எனக்குக் கேக்க ஒரு ராசா இரிக்கானா? அதுக்குத்தான் போறன்” என்றா.

பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை என்னிடம் இருக்கிறது, பிரதி எடுத்து அனுப்புகிறேன். ஆனால் அது கண்ணால் வாசிக்க எழுதிய ஏடு இல்லை, பாடிக் கேட்க எழுதியது. புருஷனைப் பறிகொடுத்து ஊரையே எரித்த ஒருத்திக்கு நம்முடைய ஆட்கள் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. நடந்த கதை முழுவதையும் அவளுக்கு முன்னாலேயே பாடுகிறார்கள், ஊர் விழித்திருந்து கேட்கிறது, கடைசி நாள் குளுத்தி பாடி அவளைக் குளிர வைக்கிறார்கள். அதோடு முடிந்தது என்று ஒருவரும் நினைப்பதில்லை, அடுத்த வைகாசிக்குத் திரும்பவும் கதவு திறக்கிறார்கள்.

சடங்கு வைகாசிப் பூரணையை ஒட்டித்தான் வருகிறது, அதாவது உங்களுக்கு வரப்போகிற போயா. ஆண்டு முடியாமல் கோயிலுக்குள் போகக்கூடாது என்று வீட்டில் சொல்வார்கள், அதை நான் மீறச் சொல்லவில்லை. செட்டிபாளையத்தில் பாடுவது ஒலிபெருக்கியில் உங்கள் ஊருக்குக் கேட்குமே. மகன் படுத்த பிறகு மாமியையும் கூப்பிட்டு முற்றத்தில் பாயைப் போட்டு இருங்கள். நான் அன்று இரவு வர முடியும், வரட்டுமா என்று மட்டும் எழுதுங்கள்.