இரும்புச்சத்து மாத்திரையும் காலை டீயும்

கேள்வி: எனக்கு வயது 38. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8.4-லிருந்து 8.7-க்குத்தான் வந்திருக்கிறது. காலையில் டீ குடித்ததும் அதைப் போடுகிறேன். கூடவே கால்சியம் மாத்திரையும். இனி இரண்டாகப் போடலாமா?

பதில்: இரண்டு வேண்டாம் அம்மா. ஒன்றே போதும், நேரத்தைத்தான் மாற்ற வேண்டும்.

வயிற்று அமிலத்தில் கரையும் இரும்பைச் சிறுகுடலின் முதல் பகுதிதான் பெரும்பாலும் உறிஞ்சுகிறது. 60 மில்லிகிராம் மாத்திரையில் நல்ல நிலையிலும் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகும். டீயில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதையும் பிடித்துக்கொள்கிறது. வெறும் டீயில் இந்த மாத்திரையைப் பொடித்துப் போட்டால் மை மாதிரி கறுத்துவிடும். அப்படிச் சேர்ந்துபோன இரும்பைக் குடல் உறிஞ்சாது, மலத்தோடு வெளியேறிவிடும். பால் ஊற்றினாலும் இது சரியாகாது. கால்சியமும் இரும்பைத் தடுக்கும். அசிடிட்டிக்குப் பான்டோப்ரசோல் போடுகிறவர்களுக்கு அமிலம் குறைவதால் இரும்பு சரியாகக் கரையாது.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெந்நீரோடு ஒரு மாத்திரை. அதோடு ஒரு நெல்லிக்காய் அல்லது அரை எலுமிச்சைச் சாறு. டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான். அந்தக் குளிரில் இது சிரமம் என்று தெரியும். முடியாவிட்டால் இரவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போடுங்கள். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு எரிந்தால் விட்டுவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாம். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், அடுத்த ஒரு நாள் வரை குடலின் கதவைப் பாதி சாத்திவிடும். இரண்டாவது மாத்திரையால் வயிற்றுவலியும் மலச்சிக்கலும்தான் கூடும். மலம் கறுப்பாகப் போவது இயல்பு.

ராகிக் களியில் இரும்பு உண்டு, ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் அதைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. ராகியை முளைகட்டி அரைத்தால் பைட்டேட் குறையும்.

மலை உயரத்தில் உடல் இயல்பாகவே ஹீமோகுளோபினைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஆகவே உங்கள் 8.7, சமவெளியில் இருப்பவரின் 8.7-ஐ விட மோசமானது. அலட்சியம் வேண்டாம்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும்: அதிக மாதவிடாய்ப் போக்கு, செருப்பில்லாமல் மண்ணில் நடப்பதால் வரும் கொக்கிப்புழு, தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையும் அரிவாள் செல் நோயும் உண்டு. இரும்புச் சேமிப்பை அளக்கும் ஃபெரிட்டின், மலப் பரிசோதனை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் ஆகியவை இதைக் காட்டிவிடும். மேடு ஏறும்போது மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ நான்கு வாரம் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்குழாய் வழியாக இரும்பு ஏற்ற வேண்டியிருக்கலாம்.

அளவு 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடருங்கள். உடலின் சேமிப்பு அப்போதுதான் நிரம்பும். மாத்திரையைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.