சீமைக்கருவேலம் தின்ற காற்று

கேள்வி: என் அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்தவர். 1987 டிசம்பரில் ஒரு நாள், ‘வாடை பலம், கடலுக்குப் போகல’ என்று நோட்டில் எழுதியிருக்கிறார். அன்று காற்று என்ன வேகம் என்று கம்ப்யூட்டர் சொல்லுமாமே, நம்பலாமா?
- ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: சொல்லும். ஐரோப்பிய வானிலை மையத்தின் ‘ஈரா5’ தொகுப்பில் 1940 முதல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காற்றுக் கணக்கு இருக்கிறது, இலவசம்தான். பலூன், கப்பல், செயற்கைக்கோள், காற்றழுத்தம் என்று பழைய பதிவுகளை, வானிலையைக் கணக்கிடும் கம்ப்யூட்டர் மாதிரிக்குள் கொடுத்து, அன்றைய வானத்தை மறுபடி ஓட்டிப் பார்த்த கணக்கு அது. 10 மீட்டர் உயரக் காற்றை எடுங்கள். நேரம் கிரீன்விச் கணக்கு. ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

திசையை நம்புவேன். வேகத்தில்தான் சிக்கல். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அது கணக்குப் போடும். ஒரு கட்டமே சுமார் 31 கிலோமீட்டர். உங்கள் தீவின் அகலம் அதன் கண்ணில் படாது. 1964 தனுஷ்கோடிப் புயல் மாதிரி உச்சக் காற்றையும் குறைத்தே காட்டும்.

அதற்காக, கருவியில் அளந்ததெல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். கடற்கரை உப்பளம் ஒன்றில் நான் கணக்கு எழுதியபோது, கூரைமேல் ஒரு கிண்ணக் காற்றுமானி சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் காலை எட்டரைக்கு ரீடிங் எடுப்பேன். பத்து வருஷத்தில் கச்சான், அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, பாதியாகிவிட்டது என்றது என் நோட்டு. காலமே மாறிப்போச்சு என்றார் முதலாளி, நானும் தலையாட்டினேன். ஓய்வு பெற்ற பிறகு ஈரா5 கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதில் கச்சான் குறையவே இல்லை! பழைய போட்டோவைத் தேடி எடுத்தேன். மானிக்கு மேற்கே, வேலியோரச் சீமைக்கருவேலம் கூரையைத் தாண்டி நிற்கிறது. தரை நிலையங்களின் காற்று ரீடிங்கை ஈரா5 உள்ளே எடுப்பதில்லை, அழுத்தத்தை எடுக்கும். அதனால் மரம் செய்த தப்பு அதற்குத் தொற்றவில்லை.

நீங்கள் ஒரு நாளை மட்டும் பார்க்காதீர்கள். அப்பா ‘பலம்’ என்று எழுதிய நாள்களையும் கடலுக்குப் போன நாள்களையும் தனித்தனியாகக் குறித்து, கம்ப்யூட்டர் வேகத்தை எதிரே எழுதுங்கள். எந்த வேகத்துக்கு மேல் அவர் கரையில் நின்றார் என்பது தெரிந்துவிடும். அப்புறம், படகை எந்தப் பக்கம் கட்டினார் என்று நீங்கள் எழுதவில்லையே? வடகடல் என்றால் வாடை முகத்தில் அறையும். தென்கடல் என்றால் தீவே கொஞ்சம் மறைப்பு கொடுத்திருக்கும்.