மழை வந்தால் ஏன் நெட் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன. டிவியில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது, திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது. தொலைபேசித் துறையின் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்தக் கடிதங்களை ஆசிரியர் என்னிடம் அனுப்பிவிட்டார். எழுதியவர்கள் எல்லோரும் தங்கள் திட்டத்தின் வேகத்தை மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்கள். பழுதானால் ஆள் வர எத்தனை நாள் ஆகிறது என்று ஒரே ஒருவர்தான் எழுதியிருக்கிறார். கிராமத்தில் இணைப்பு எடுக்கும் முன் முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வைத்திருக்கிறோம். மோடம் இருக்கும் முன்னறையில் போனில் சோதித்தால் 90 காட்டுகிறது. பின்கட்டில் உள்ள டிவியில் படம் அடிக்கடி நிற்கிறது. 200 திட்டத்துக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம் அருகே

மாற வேண்டாம் அம்மா. மாதாமாதம் கூடுதல் பணம் போகும், வட்டம் அப்படியே சுற்றும். முழு எச்டி தரத்தில் படம் பார்க்க நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 5 எம்பிபிஎஸ். அதைவிடத் துல்லியமான 4கே தரத்துக்கு 15. யூடியூபில் 4கே பார்க்க 20 இருந்தால் போதும். உங்கள் முன்னறைக்கு 90 வந்து சேர்கிறது. அப்படியானால் தெருவிலிருந்து வரும் ஃபைபரில் குறை இல்லை, வீட்டுக்குள்தான் எங்கோ தேங்குகிறது.

முன்னறைக்கும் பின்கட்டுக்கும் நடுவில் எத்தனை சுவர் என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வீடு என்றால் கருங்கல் சுவரோ மண் சுவரோ ஒன்றரை அடி கனத்துக்குக் குறையாது. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டும் வலு அதற்குக் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வேகம் குறையும். டிவியை 2.4க்கு மாற்றிப் பாருங்கள். மோடத்தை அலமாரிக்குள்ளோ பீரோவின் பின்னாலோ வைத்திருந்தால் வெளியே எடுத்து, தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் வைஃபையை நம்பாமல் மோடத்திலிருந்து டிவி வரை ‘கேட் 6’ என்ற நெட்வொர்க் கேபிள் ஒன்றை இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது தாங்கும். டிவியின் பின்புறம் அதைச் செருகும் லேன் துளை இருக்கும். பல டிவிகளில் அது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் வாங்காது, வாங்கவும் தேவையில்லை. ஓர் எச்சரிக்கை: பின்கட்டு தனிக் கட்டடமாக இருந்து, கேபிள் திறந்த வெளியில் போவதாக இருந்தால் செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி இடி ஒன்று அருகில் விழுந்தால் மோடமும் டிவியும் சேர்ந்தே போகும். அந்த இடத்துக்கு உலோகக் கம்பி இல்லாத ஃபைபர்தான் சரி.

கேபிள் போட்ட பிறகும் இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை மட்டும் படம் நிற்கிறது, காலையில் நன்றாக ஓடுகிறது என்றால் தவறு உங்கள் வீட்டில் இல்லை. ஊரே பார்க்கும் நேரத்துக்குத் தேவையான கொள்ளளவை நிறுவனம் வாங்கி வைக்கவில்லை என்று அர்த்தம். காலையிலும் இரவிலும் வேகத்தைச் சோதித்து, தேதியும் மணியும் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். நிறுவனத்தில் தீரவில்லை என்றால் அவர்களுடைய மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நகரத்துக்காரர் கட்டும் அதே 18 சதவீத ஜிஎஸ்டியைத்தான் நீங்களும் கட்டுகிறீர்கள்.

கேள்வி: காற்றோடு மழை பெய்தால் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது. சொன்னால் மூன்று நாள் கழித்து ஒரு தம்பி வந்து கம்பத்தில் ஏறி ஏதோ செய்கிறார், சரியாகிறது. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. ஃபைபருக்குள் தண்ணீர் போகிறதா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

ஆள் வரும் நாளைக் கணக்கு வைத்தவர் நீங்கள்தான். உங்கள் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கிராமத்து ஃபைபரின் பாதி நோய் இதுதான்.

ஈரம் பட்டால் இரைச்சல் கேட்டது பழைய செம்புக் கேபிளின் காலத்தில். ஃபைபர் என்பது கண்ணாடி இழை, அதற்குள் ஓடுவது ஒளி. நல்ல கேபிளை மழை ஒன்றும் செய்யாது. மழையோடு வரும் காற்று கேபிளை ஆட்டுகிறது, அந்த ஆட்டத்தில் மோசமான ஜாயின்ட் விலகுகிறது. மூடாத பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் கனெக்டரின் முகத்தில் அழுக்குப் படிகிறது. ‘எல்ஓஎஸ்’ என்ற இடத்தில் சிவப்பு எரிந்தால், மோடத்துக்குப் போதிய ஒளி வந்து சேரவில்லை என்று பொருள்.

எவ்வளவு ஒளி வருகிறது என்பதை அந்தத் தம்பியின் கையில் இருக்கும் பவர் மீட்டர் ‘டிபிஎம்’ கணக்கில் காட்டும். மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 15க்கும் மைனஸ் 25க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 27, 28 என்று போனால் மோடத்தால் ஒளியைப் படிக்க முடியாது. இதில் 3 குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. மைனஸ் 20 இருந்த இடத்தில் மைனஸ் 26 வருகிறதென்றால் நான்கில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. வெயில் நாளில் அதிலேயே படம் ஓடும், யாருக்கும் குறை தெரியாது. கொஞ்சம் காற்று அடித்ததும் சிவப்பு.

சரியான ஜாயின்ட் எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேபிளின் மேலுறையை உரித்தால் தலைமுடி கனத்தில் இழை வரும். அதை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, கிளீவர் என்ற கருவியில் நேராக வெட்ட வேண்டும். இப்படி வெட்டிய இரண்டு முனைகளையும் ஸ்பிளைசிங் இயந்திரத்தில் எதிரெதிராக வைத்தால், ஒரு மின்பொறி கண்ணாடியை உருக்கி ஒட்டுகிறது. இயந்திரத்தின் திரையில் ஒளி இழப்பு 0.02, 0.03 என்று மிகக் குறைவாகக் காட்டும். அதற்கு மேல் சிறு குழாயை ஏற்றிச் சூட்டில் சுருங்கவைத்து, பெட்டிக்குள் சுருட்டி மூடினால் பல மழைக்காலம் அசையாது.

அவசரத்தில் நடப்பது வேறு. இழையை வெட்டிக் கையால் ஒரு கனெக்டரில் செருகி, இன்சுலேஷன் டேப் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கம்பத்தில் தொங்கவிடுகிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் அப்படி ஒன்று கூடினால், இரண்டு வருடத்தில் உங்கள் வீட்டுக் கேபிளில் ஏழெட்டு முடிச்சு சேர்ந்துவிடும். ஒவ்வொன்றும் கொஞ்சம் ஒளியைத் தின்னும். கேபிளைக் கம்பத்தோடு கட்டுக்கம்பியால் மடக்கி இறுக்கினாலும் அந்த வளைவில் ஒளி கசியும். பச்சை நிறக் கனெக்டரை நீல நிறத்தோடு சேர்த்தால் அதுவும் பெரிய இழப்பு.

இனி அந்தத் தம்பி வந்தால், வேலைக்கு முன் மீட்டரில் எவ்வளவு, முடித்த பின் எவ்வளவு என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி மோடத்தின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாள் இருந்தால் பேச்சே மாறும். கடைசிக் கம்பத்துப் பெட்டியிலிருந்து வீடு வரை ஜாயின்ட் இல்லாத புதுக் கேபிள் கேளுங்கள். செலவில் பாதியை நீங்கள் ஏற்க வேண்டி வந்தாலும் தயங்க வேண்டாம். அது தென்னைகளுக்கு அடியில் போகாமல் சுற்றி வரட்டும். 2018 நவம்பரில் கஜா உங்கள் பக்கம் செய்ததை நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் புயல் வேண்டாம், காய்ந்த மட்டை ஒன்று விழுந்தாலே போதும்.

கம்பத்தில் ஏறும் அந்தப் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள். ஸ்பிளைசிங் இயந்திரம் விலை உயர்ந்தது, அதை அவர் வாங்க முடியாது. அவரை அனுப்பும் உரிமையாளர் வாங்கித் தர வேண்டும். கேட்க வேண்டியது அவரைத்தான்.

கேள்வி: மாதத்தின் கடைசிப் பத்து நாள் நெட் ஆமை வேகத்தில் வருகிறது. ஏன்?
– வாசகர், பரமக்குடி

உங்கள் திட்டத்தின் மாத அளவு தீர்ந்துவிடுகிறது. ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரத்தில் இருக்கும், இத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பது பொடி எழுத்தில் இருக்கும். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும், 4கே 7 ஜிபி வரை. தினமும் மூன்று மணி நேரம் எச்டி ஓடினால் மாதம் 270 ஜிபி. நடுவில் யாரும் பார்க்காமல் டிவி ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்கு ஏறும். படத்தின் தரத்தை ஒரு படி குறைத்துப் பாருங்கள், 32 அங்குலத் திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஃபைபர் இல்லை. மொட்டை மாடியில் நின்றால் 4ஜி ஒரு கோடு காட்டும். சிக்னல் பூஸ்டர் ஆன்லைனில் கிடைக்கிறதே, வாங்கலாமா? சாட்டிலைட் இணையம் வருகிறதாமே?
– வாசகி, கடம்பூர் மலை, ஈரோடு மாவட்டம்

பூஸ்டர் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். உங்கள் ஒரு வீட்டுக்காக அது கிளப்பும் இரைச்சல், அதே டவரை நம்பியிருக்கும் மலைக்கிராமங்கள் எல்லாவற்றையும் பாதிக்கும். பிரசவ வலிக்கு 108ஐ அழைப்பவரும் அந்த டவரைத்தான் நம்பியிருக்கிறார்.

உங்களுக்குப் பொருந்துவது, சிம் போடும் 4ஜி ரவுட்டர். வெளியில் மாட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆன்டெனாவை மாடியில் வைத்து ரவுட்டரைக் கீழே வைத்தால், நடுவில் உள்ள நீண்ட ஒயரிலேயே பிடித்த சிக்னலில் பாதி போய்விடும். ரவுட்டரையே கம்பத்தில் ஏற்றி, அங்கிருந்து நெட்வொர்க் கேபிளைக் கீழே கொண்டுவருவதுதான் முறை. மழை, இடி நேரத்தில் அந்தக் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். வாங்கும் முன், எந்த நிறுவனத்தின் சிம் உங்கள் மாடியில் நன்றாக எடுக்கிறது என்று அக்கம்பக்கத்தாரின் போன்களை இரவல் வாங்கிப் பாருங்கள். போனின் அமைப்புகளில் சிக்னல் வலிமை டிபிஎம் கணக்கில் தெரியும். மைனஸ் 90, 95 என்று மைனஸ் 100க்கு இந்தப் பக்கம் இருந்தால் நம்பிக்கை உண்டு. மைனஸ் 115 என்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.

2023இல் பெரிய நிறுவனங்கள் தொடங்கிய ஏர்ஃபைபர் இணைப்புகள் டவரிலிருந்து காற்றில் வருபவை. மேடு மறைக்கும் இடத்தில் அவையும் தடுமாறும். சாட்டிலைட்டைப் பொறுத்தவரை, சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு 2025 ஜூனில் மத்திய அரசின் உரிமம் கிடைத்தது. உங்களுடையது போன்ற ஊர்களுக்குத்தான் அது உண்மையில் உதவும். ஆனால் வீட்டில் வைக்கும் தட்டுக்கு மரம் மறைக்காத திறந்த வானம் வேண்டும், மின்சாரமும் மோடத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். கட்டணத்தை முழுதாகக் கேட்டு எழுதி வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அதுவரை ஒரு யோசனை. டவரில் கூட்டம் இல்லாத விடியற்காலையில் படங்களையும் பிள்ளைகளின் பாட வீடியோக்களையும் செயலியிலேயே பதிவிறக்கி வைத்து மாலையில் பாருங்கள். நிற்காமல் ஓடும்.

கேள்வி: ஊராட்சி அலுவலகம் வரை அரசு ஃபைபர் வந்துவிட்டது என்கிறார்கள். வீட்டுக்கு எப்போது வரும்?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

2011இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் இது, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. நம் மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்துக்கு. ஊராட்சி வரை வருவது அரசின் வேலை. அங்கிருந்து வீடுகளுக்கு இழுக்க, உள்ளூரில் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும், பெரும்பாலும் கேபிள் டிவி நடத்துபவர். தெருவில் பத்து வீடு உறுதியாக எடுக்கும் என்று தெரிந்தால் அவர் கம்பத்தில் ஏறுவார். எனவே பெயர்ப் பட்டியலோடு அவரைப் பாருங்கள். கூடவே அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். குடியரசு தினம், மார்ச் 22, மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு வாய்ப்பு இருக்கிறது. வாயால் சொன்னது காற்றோடு போகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியது நிற்கும்.

கேள்வி: கரண்ட் போனால் நெட்டும் போகிறது. இன்வெர்ட்டர் வைக்க வசதி இல்லை.
– வாசகி, மணப்பாறை

இன்வெர்ட்டர் வேண்டாம். மோடத்துக்கென்றே பேட்டரி உள்ள சின்ன ‘மினி யுபிஎஸ்’ கடைகளில் கிடைக்கிறது. மோடம் எடுப்பது பத்து வாட் அளவுதான் என்பதால் சில மணி நேரம் தாங்கும். மோடத்தின் அடாப்டரைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதில் 12 வோல்ட் என்று இருந்தால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் உங்கள் கேபிள்காரரிடம் ஒன்று கேளுங்கள். தெருக் கம்பத்தில் உள்ள பெட்டிக்கு மின்சாரம் போகிறதா? ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் வெறும் ஸ்பிளிட்டர் என்றால் அதற்கு மின்சாரமே தேவையில்லை, அவருடைய அலுவலகத்தில் பேட்டரி இருந்தால் உங்கள் வீட்டில் நெட் ஓடும். கம்பத்தில் மின்சாரத்தில் ஓடும் நெட்வொர்க் சுவிட்ச் கருவி வைத்திருந்தால், தெருவில் கரண்ட் போகும்போது அதுவும் அணையும், உங்கள் யுபிஎஸ் வீணாகும். அப்படி இருந்தால் முதலில் கம்பத்துப் பெட்டிக்கு அவர் பேட்டரி வைக்கட்டும், பிறகு நீங்கள் வாங்குங்கள்.