எச்ஐவிக்கு ஊசி எப்போ? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டாக்டரே, கொரோனாவுக்கு ஒரு வருஷத்துல ஊசி வந்துட்டு. எச்ஐவி கிருமியக் கண்டுபிடிச்சு 40 வருஷம் தாண்டியாச்சே, இன்னும் ஏன் வரல? (வாசகி, தக்கலை)

பதில்: கொரோனா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க உடம்பே கிருமிய விரட்டிட்டு, அதப் பாத்து ஊசி செஞ்சா போதும்மா. எச்ஐவில அந்த வழியே இல்ல, நம்மளக் காக்க வேண்டிய சிடி4 செல்லுக்குள்ளயே புகுந்து அதோட டிஎன்ஏல சேந்துக்கும், மேல்பக்கம் பூரா நம்ம செல்லு ஒட்டிவிட்ட சர்க்கரையா இருக்கதால உடம்புக்கு அது வேத்தாளுன்னே சட்டுன்னு தெரியாது, போதாக்குறைக்கு உருவத்த மாத்திக்கிட்டே இருக்கும்.

ஆனா சில பேருக்கு, தொத்தி ரெண்டு மூணு வருஷம் கழிச்சு, பல வகை எச்ஐவியையும் தடுக்குற ஆன்டிபாடிங்கற புரதம் தானா உருவாகுது. அவங்களுக்கு அது பெருசா உதவாது, உள்ள இருக்க கிருமி அதுக்குள்ள மாறிப்போயிருக்கும். ஆனா அவங்க குடுத்த ரத்தம் தான் இன்னைக்கு ஊசி செய்றவங்களுக்கு வழி காட்டுது, அத நாம மறக்கவே கூடாது. 2010ல வெளியான விஆர்சி01ங்கற ஆன்டிபாடி அப்படிக் கிடைச்சது தான், லேப்ல கிட்டத்தட்ட 90 சதவீத வகைகளத் தடுத்துச்சு. கிருமி சிடி4 செல்லப் பிடிக்குற இடத்துலயே அது போய் ஒட்டிக்கும், அந்த இடத்த ரொம்ப மாத்துனா கிருமியால செல்லுக்குள்ள நுழைய முடியாது.

சிக்கல் என்னன்னா, அந்த ஆன்டிபாடிய செய்யணும்னா நம்ம பி செல்லுங்கற வெள்ளணு படிப்படியா நிறைய மாறணும், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு நேரா பத்தாங்கிளாஸ் கணக்கு குடுத்தா வராதுல்லா. அதனால முதல் ஊசில சரியான பி செல்ல மட்டும் தட்டி எழுப்பிட்டு, அடுத்தடுத்த ஊசில அதப் பழக்கலாம்னு பாக்குதாங்க. 2022ல வெளியான ஒரு சோதனைல ஊசி போட்ட 36 பேர்ல 35 பேருக்கு முதல் படி நடந்துச்சு. இது பெரிய விஷயம் தான், ஆனா முதல் படி மட்டும் தான், அவங்களுக்கு இன்னும் பாதுகாப்பு வந்துட்டுன்னு அர்த்தமில்ல.

கேள்வி: அந்த ஊசி மூலமா எச்ஐவி வந்துராதா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: வராது. அதுல முழுக் கிருமி கிடையாது, மேலுறைப் புரதத்துல ஒரு சின்னத் துண்டு மாதிரி செஞ்சு வச்சிருக்காங்க, அவ்வளவு தான்.

கேள்வி: மாத்திரை இல்லாமலே சிலருக்கு கிருமி அடங்கியிருக்குமாமே? எனக்க சொந்தக்காரர் ஒருத்தர் நிறுத்திப் பாக்கட்டுமான்னு கேக்குதாரு. (வாசகர், குளச்சல்)

பதில்: தயவுசெஞ்சு நிறுத்த விடாதீங்க! அப்படிப்பட்டவங்க நூத்துல ஒருத்தருக்கும் கம்மி. அவங்கள்ல பலருக்கு எச்எல்ஏ-பி57 மாதிரி பிறவியிலேயே வர்ற ஒரு ஜீன் இருக்கும், அவங்க டி செல்லுங்கற வெள்ளணு, கிருமியால சுலபமா மாத்த முடியாத இடமாப் பாத்துத் தாக்கும், அதையும் ஊசில கொண்டுவர ஆராய்ச்சி நடக்குது. அவங்க உடம்புலயும் கிருமி ஒளிஞ்சு தான் கிடக்கு. மாத்திரைய நிறுத்துனா பெரும்பாலும் சில வாரத்துலயே கிருமி ஏறிரும், ஒழுங்கா போட்டு ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிட்டா உடலுறவு மூலமா துணைக்கும் பரவாது. எச்ஐவி மருந்து குடுக்குற அரசு ஏஆர்டி சென்டர்ல மாத்திரை இலவசம் தான், சந்தேகம்னா 1097ங்கற எச்ஐவி உதவி நம்பருக்கு அடிங்க. ஆழ்கடலுக்குப் போறவருன்னா முன்னாடியே சென்டர்ல சொல்லி, கரைக்கு வர்ற வரைக்கும் உள்ளத மொத்தமா வாங்கி போட்ல எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.