மின்நூல் விற்கும் தளத்தை இழுத்து மூடிவிட்டால், எழுத்தாளருக்கு வரவேண்டிய ராயல்டி கிடைக்குமா?

எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று குறுநாவல்கள் ஒன்பது மாதம் விற்ற காசு, 6,420 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் என் எழுத்துக்கு வந்த முதல் வருமானம் அது.

எனக்கு ஊர் திருமங்கலம். மாமா உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறார். விடியுமுன் பறித்த பூ மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்குப் போகும். எடை, விலை, கழிவு எல்லாம் எழுதி ஒரு சிட்டை தருவார்கள். பணம் வாரக் கடைசியில்தான். ஒரு தடவை கடைக்காரர் ராவோடு ராவாக ஊரைக் காலி செய்துவிட்டார். மாமா கையில் நாலு வாரச் சிட்டை. போலீசில் காட்டலாமே என்றேன். "இதை வச்சு நாக்கு வழிக்கவா மாப்ள?" என்றார்.

மின்நூல் தளமும் ஒரு கமிஷன் கடைதான். வாசகர் கட்டும் பணம் தளத்தின் கணக்குக்குப் போகிறது. பொதுவாக நம் பங்கைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. சர்வர் வாடகை, சம்பளம், விளம்பரம் எல்லாம் அதிலிருந்தே போகும். காலாண்டு முடிந்த பிறகுதான் நமக்குப் பட்டுவாடா. அதுவரை வட்டியில்லாக் கடன் கொடுத்தவர் நாம்தான்.

அமெரிக்காவில் ஆல் ரொமான்ஸ் இபுக்ஸ் என்று ஒரு கடை இருந்தது. 2016 டிசம்பர் 28 அன்று எழுத்தாளர்களுக்கு மின்னஞ்சல் வந்தது: 31ஆம் தேதியோடு கடை மூடல். கடைசிக் காலாண்டுப் பாக்கிக்கு டாலருக்கு 10 சென்ட் தருகிறோம், வாங்கிக்கொண்டு வழக்குப் போடாமல் இருங்கள் என்றார்கள். கிறிஸ்துமஸ் விற்பனை அடங்கிய காலாண்டு அது!

எல்லா மூடலும் இப்படி இல்லை. 2015இல் ஃப்ளிப்கார்ட் மின்நூலைக் கைவிட்டபோது வாங்கியவர்களின் நூல்களைக் கோபோ என்ற இன்னொரு மின்நூல் கடைக்கு மாற்றியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் புத்தகக் கடையை மூடியபோது வாசகர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. கையில் காசு உள்ளவன் கௌரவமாக மூடுவான். திவாலாகிறவனிடம் மாட்டினால்தான் வம்பு.

நம் ஊர்ச் சட்டம்? 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவில், கம்பெனியைக் கலைத்தால் யாருக்கு முதலில் என்று வரிசை இருக்கிறது. கலைப்புச் செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்கிய வங்கி, மற்ற ஊழியர், பிறகு அரசு என்று போய், 'மீதிக் கடன்கள்' என்ற இடத்தில் நாம் நிற்போம். அந்த நடவடிக்கையை நாமே தொடங்கவும் முடியாது. 2020 மார்ச் முதல், பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். சிவில் வழக்குப் போட மூன்று வருடம் அவகாசம் உண்டு; 6,420 ரூபாய்க்கு யார் போடுவார்கள்? வக்கீல் நண்பர் ஒருவர் காசு வாங்காமல் நோட்டீஸ் அனுப்பினார். 'முகவரியில் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதித் தபால் திரும்பி வந்தது.

முதல் காலாண்டு தள்ளிப்போனபோதே நான் விழித்திருக்க வேண்டும். 'மென்பொருள் மாற்றுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் வந்தது. நம்பினேன். பணம் ஒருமுறை தவறினால் அன்றைக்கே விற்பனைக் கணக்கை இறக்கி வையுங்கள், நூலை விற்பனையிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதுங்கள். 'எங்கள் தளத்தில் மட்டுமே' என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் போட்டேன்.

அதைவிடப் பெரிய கூத்து, பிழை திருத்திய கோப்பு அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தது. என் பென்டிரைவில் இருந்தது, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்த பழைய வரைவு. யூனிகோடுக்கு மாற்றி, சிதைந்த எழுத்துகளைக் கையால் திருத்தி, இரண்டு கதைகளை வேறு தளத்தில் ஏற்றிவிட்டேன். மூன்றாவது இன்னும் பாமினியிலேயே கிடக்கிறது.