காயும் நேரம்

அன்புள்ள சார்,

நான் ஓவியம் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவி. செமஸ்டர் முடிய இன்னும் 16 நாள். ஆயில் வண்ணத்தில் 4 கேன்வாஸ் வைக்க வேண்டும். ஒன்று முடிந்துவிட்டது, இரண்டு பாதியில் நிற்கின்றன, நான்காவதில் வெறும் கோடு மட்டும். எச்சிங்கில் (உலோகத் தகட்டில் கோடுகளை அரித்து அச்செடுப்பது) தகடு தயார், பிரின்ட் எடுக்கவில்லை. களிமண்ணில் ஒரு தலை செய்திருக்கிறேன், இன்னும் ஈரமாக இருக்கிறது. கலை வரலாற்றுக் கட்டுரைக்குத் தலைப்புகூட முடிவாகவில்லை. ஸ்கெட்ச்புக்கில் 100 பக்கம் கேட்கிறார்கள், 38 இருக்கிறது.

எதில் கை வைத்தாலும் மற்றது ஞாபகம் வருகிறது. ராத்திரி 2 மணி வரை ஸ்டூடியோவில் நிற்கிறேன். காலையில் வந்து பார்த்தால் ராத்திரி போட்ட நிறமெல்லாம் தப்பாகத் தெரிகிறது. பாதியில் நிற்கும் ஒரு கேன்வாஸைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, மேலே வெள்ளையை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா என்று இருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் முடித்துவிட்டது மாதிரி நடமாடுகிறார்கள். ஆங்கில ஓவியர் டர்னரே கடைசி நாளில்தான் படத்தை முடிப்பாராம், பதறாதே என்கிறான் ஒரு நண்பன். உண்மையா? நான் எதிலிருந்து ஆரம்பிப்பது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஓர் ஓவிய மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் அந்தக் களிமண் தலையைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அது போகிற போக்கில் ஒரு வரியாக வருகிறது. என் கணக்கில் அதுதான் முதலில் நிற்கிறது.

உள்ளே குடைந்தாகிவிட்டதா? இல்லையென்றால் மண் தோல் பதத்துக்கு வந்ததும், அதாவது அழுத்தினால் நெளியாமலும் கத்தி இறங்கும்படியும் இருக்கும்போது, கம்பியால் உச்சந்தலையை அறுத்து எடுத்து உள்ளே சுரண்ட வேண்டும். சுவர் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரு விரல் கனம் இருந்தால் போதும். பிறகு விளிம்புகளைக் கீறி, மண்குழம்பு தடவி மூடிவிடலாம். காற்று போக அடியில் ஒரு துளை விட மறக்காதீர்கள். அதற்கப்புறம் அது மெதுவாகக் காய வேண்டும். மூக்கு, காது போன்ற மெல்லிய இடங்கள் முந்திக் காய்ந்தால் விரிசல் விடும் என்பதால் அவற்றின் மேல் மட்டும் பிளாஸ்டிக் தாளைப் போட்டு வையுங்கள். ஈரத்தோடு சூளைக்குள் போனால் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் தலை வெடிக்கும், பக்கத்தில் இருக்கும் இன்னொருவரின் வேலையையும் சேர்த்து உடைக்கும். சுடுவதற்கு ஒரு நாள், ஆறுவதற்கு ஒரு நாள். அவசரப்பட்டுச் சூடாகத் திறந்தாலும் விரிசல்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, சூளை உங்களுடையது மட்டும் இல்லை. கடைசி வாரத்தில் வகுப்பே அங்கே வந்து நிற்கும். இன்றைக்கே பெயரைக் கொடுத்து வையுங்கள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மாணவர்கள் செமஸ்டர் கடைசியில் வேலையைப் பெரும்பாலும் பயத்தை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். எதற்கு மார்க் அதிகம், எந்த ஆசிரியர் திட்டுவார், எதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று. நான் சொல்வது வேறு வரிசை. உங்கள் கையை எடுத்த பிறகும் எந்த வேலை நேரம் கேட்கிறதோ, அதை முதலில் தொட வேண்டும். மண் காய வேண்டும், ஆயில் காய வேண்டும், பிரின்ட் காய வேண்டும். இந்த நேரத்தை எத்தனை மணி வரை கண் விழித்தாலும் உங்களால் சுருக்க முடியாது. கட்டுரையைச் சுருக்கலாம், ஸ்கெட்ச்சைப் பேருந்து நிறுத்தத்தில்கூடப் போடலாம். ஆகவே ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொன்றும் எந்த நாளில் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும் என்று குறித்துவிடுங்கள். 'முடிக்க வேண்டிய நாள்' என்று எழுதாமல் 'தூரிகையை வைக்க வேண்டிய நாள்' என்று எழுதினால் இன்னும் நல்லது.

ஆயிலைப் பொறுத்தவரை அந்த நாள் நிறத்துக்கு நிறம் மாறும். அம்பர் போன்ற மண் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் கைக்கு ஒட்டாது. ஐவரி பிளாக் என்ற கருப்பு, அலிசரின் என்ற சிவப்பு எல்லாம் ஒரு வாரம் தாண்டியும் பிசுபிசுக்கும். கத்தியால் அப்பிய வெள்ளையைக் கேட்கவே வேண்டாம். எனவே பாதியில் இருக்கும் இரண்டில் கருமையும் கனமும் எதில் அதிகமோ அதை இந்த வாரமே முடியுங்கள். இனி அதில் வைக்கும் கருமையை ஐவரி பிளாக்கில் எடுக்காமல் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து எடுங்கள். கண்ணுக்குக் கருப்பாகவே இருக்கும், சீக்கிரமும் காயும்.

சிலர் அவசரத்துக்கு ஹேர் டிரையரை எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அக்ரிலிக்குக்கும் நீர்வண்ணத்துக்கும் அது சரி, அங்கே காய்வது என்பது நீர் போவது. ஆயில் அப்படி இல்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. சூடு காட்டினால் மேலே தோல் கட்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும், பின்னாளில் சுருக்கம் விழும். ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்கத்தான் வேண்டும். காற்றோட்டமும் வெளிச்சமும் இருக்கும் இடத்தில், முகம் சுவரைத் தொடாமல் சாய்த்து வையுங்கள். இன்னொன்று, லின்சீட் ஆயில் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் வீசாதீர்கள். அதே இறுகும் வேலை துணிக்குள்ளும் நடந்து சூடு கிளம்பும், கசங்கிய குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், இல்லையென்றால் நீர் நிறைந்த மூடிய டப்பாவில் போடுங்கள். தூக்கம் கெட்ட ஆட்கள் நிறைந்த ஸ்டூடியோவில் இந்த எச்சரிக்கை இரண்டு மடங்கு தேவை.

நான்காவது கேன்வாஸில் கோடு மட்டும்தான் இருக்கிறது என்றால் அது ஒரு வகையில் அதிர்ஷ்டம். கீழ்ப்பூச்சை அக்ரிலிக்கில் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் மேலே வேலை செய்யலாம். அதன் மேல் ஆயிலை மெல்லிதாக ஓட்டினால் போதும். அக்ரிலிக் மேல் ஆயில் நிற்கும், ஆயில் மேல் அக்ரிலிக் நிற்காது. இதை ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், லேபிளிலும் இரண்டையும் எழுதுங்கள். பெரிய படமாக நினைத்திருந்தீர்கள் என்றால் அந்த ஆசையை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைத்துவிடுங்கள்.

ராத்திரி நிறம் தப்பாவதற்குக் காரணம் உங்கள் கண் இல்லை, விளக்கு. மஞ்சள் வெளிச்சத்தில் பலகையில் இருக்கும் மஞ்சள் வெளுத்துத் தெரியும், நீலம் மங்கிச் சாகும். அதைச் சரிக்கட்ட நீங்கள் நீலத்தை ஏற்றிக்கொண்டே போவீர்கள். காலை வெளிச்சத்தில் முகம் நோயாளி மாதிரி நிற்கும். பகலொளி எல்இடி ஒன்று வாங்கிப் போட்டால் கொஞ்சம் சமாளிக்கலாம். அதைவிட, நிறம் கலக்கும் வேலை முழுவதையும் பகலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இரவில் கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவது, பிரின்ட்டுக்குத் தாள் கிழிப்பது, மவுண்ட் அட்டை வெட்டுவது, லேபிள் எழுதுவது. அதுவும் 11 மணியோடு போதும். தூக்கக் கலக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டிக் கட்டரை இழுத்தால் கத்தி ஸ்கேல் மேலேறி இடது கையின் ஆள்காட்டி விரலுக்கு வரும். ஜூரியன்று, அதாவது தேர்வாளர்கள் வேலையைப் பார்க்க வரும் நாளில், கட்டுப் போட்ட விரலோடு படத்தைக் காட்டிப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள்.

டர்னர் விஷயம் உண்மைதான். லண்டனின் ராயல் அகாடமி என்ற கலைக் கழகத்தில் கண்காட்சி திறப்பதற்கு முன் ஓவியர்கள் வார்னிஷ் பூச என்று சில நாட்கள் விடுவார்கள். அந்த நாட்களில் அவர் சுவரில் மாட்டிய படத்தின் மேலேயே பாதி வேலையைச் செய்வார். லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததை வைத்து வரைந்த படத்தை 1835இல் வேறொரு கண்காட்சிக்கு ஏறக்குறைய வெறும் அடிநிறமாக அனுப்பிவிட்டு, அங்கேயே நின்று முடித்தார். உங்கள் நண்பர் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. அப்போது டர்னர் அறுபதை நெருங்கியவர், 14 வயதில் அகாடமி பள்ளியில் சேர்ந்து அதுவரை தூரிகையைக் கீழே வைக்காதவர். 1834 அக்டோபரில் அந்தத் தீயை நேரில் நின்று பார்த்தவர். கை அன்றைக்குத்தான் வேலை செய்தது, தலை மாதக்கணக்கில் செய்திருந்தது. அப்புறம், பொருளின் பொறுமையை மதிக்காமல் கண்டதையும் கலந்து வேலை செய்ததற்கு அவருடைய பல படங்கள் வெடிப்பும் நிறமாற்றமுமாக விலை கொடுத்திருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் அருங்காட்சியகத்துக்காரர்களிடம் உங்கள் நண்பர் அவசியம் பேச வேண்டும்.

உங்களுக்கு நான் காட்ட நினைப்பது ஃபிரெஸ்கோ வரைந்த இத்தாலியர்களை. ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் நிறம் ஏற வேண்டும், பூச்சு காய்ந்துவிட்டால் ஏறாது. அதனால் காலையில் அன்றைக்கு வரையக்கூடிய அளவுக்கு மட்டும் சுவரில் பூசுவார்கள். சில நாள் ஒரு தலைக்கு மட்டும் போதுமான துண்டு, சில நாள் பெரிய வானம் முழுவதும். மாலையில் வரையாமல் மீந்த பூச்சைச் சரிவாகச் சீவி எடுத்துவிடுவார்கள், மறுநாள் அங்கே புதுப் பூச்சு. மிக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையை இப்படித்தான் துண்டு துண்டாக முடித்தார், அந்தத் துண்டுகளின் விளிம்பை இன்றும் பிரித்துப் பார்க்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தச் சீவி எறிதல். காலையில் 8 வேலை என்று பட்டியல் போட்டுவிட்டு இரவில் 5 மீந்தால், அந்த 5 உங்களோடு படுக்கைக்கு வருகிறது. இரண்டை மட்டும் எழுதுங்கள். மீந்தால் சீவி எறியுங்கள், நாளைக்குப் புதிதாகப் பூசிக்கொள்ளலாம்.

எச்சிங்குக்குப் பகலில் பிரஸ் கிடைக்கும் ஒரு முழு நாளைப் பிடியுங்கள். துணைக்கு ஒருவர் வேண்டும். ஒருவர் தகட்டில் மை பூசித் துடைக்க, கை சுத்தமான இன்னொருவர் ஈரத்தாளை எடுத்து வைக்க வேண்டும். தனியாகச் செய்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உங்கள் கட்டைவிரல் ரேகை இருக்கும். அவருக்குப் பதிலுக்கு நீங்கள் ஒரு நாள் நில்லுங்கள். எல்லாரும் முடித்துவிட்டதாகத் தெரிகிறது என்கிறீர்களே, அன்றைக்கு அவரிடம் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

எரிச்சலூட்டும் கேன்வாஸுக்கு வருகிறேன். ஈர ஆயில் மேல் வெள்ளை அடித்தால் அது வெள்ளையாகவும் இருக்காது, காயவும் காயாது. இரண்டு நாள் கண்ணில் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், வரைந்த பக்கம் சுவரில் உரசாதபடி. மூன்றாம் நாள் கண்ணாடியில் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் சொல்லும் யோசனை இது. இடம் வலம் மாறியதும் பழகிப்போன தப்பு சட்டென்று துருத்திக்கொண்டு தெரியும். கைப்பேசியில் எடுத்துத் திருப்பியும் பார்க்கலாம். தப்பு ஓரிடத்தில் இருந்தால் அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டுங்கள். சுரண்டிய பிறகு தங்கும் நிழல் பல சமயம் நீங்கள் வரைந்ததைவிட நன்றாக இருக்கும், அப்படியே விட்டுவிடலாம். படம் முழுக்கவே தப்பு என்று தோன்றினால் அது பெரும்பாலும் உங்கள் களைப்பு. அந்த அளவோடு நிறுத்திவிட்டு, எங்கே நின்றுபோனது என்பதைப் பேசத் தயாராகுங்கள்.

ஸ்கெட்ச்புக்கில் மிச்சம் 62 பக்கம். கடைசி இரண்டு ராத்திரியில் பழைய தேதி போட்டு நிரப்ப வேண்டாம். ஒரே பேனா, ஒரே அழுத்தம், ஒரே சோர்வு என்று தேர்வாளருக்குப் பக்கம் புரட்டும்போதே தெரிந்துவிடும். நானும் ஜூரிகளில் உட்கார்ந்திருக்கிறேன். கேன்வாஸ் முன் சில நிமிடம் நிற்பவர்கள் ஸ்கெட்ச்புக்கை எடுத்தால் உட்கார்ந்துவிடுவார்கள். நாளுக்கு 4 பக்கம் போட்டால் கணக்கு நேராகிவிடும். வரைய ஆளுக்கும் பஞ்சம் இல்லை. ஸ்டூல் மேல் தலை சாய்த்துத் தூங்கும் வகுப்புத் தோழன், சூளைக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்கள், டர்பன்டைன் டப்பாவில் நிற்கும் தூரிகைகள். உங்கள் கேன்வாஸ்களையே ஒவ்வொரு நாள் முடிவிலும் சின்னதாக வரைந்து வையுங்கள், படமும் எடுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1935இல் சாய்ந்து படுத்திருக்கும் பெண்ணை வரைந்த ஓர் ஓவியத்தை 22 நிலைகளில் புகைப்படமாக எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் பெண்ணின் உடல் வாரத்துக்கு வாரம் எப்படி நீள்கிறது, மடங்குகிறது என்று பார்ப்பது முடிந்த படத்தைப் பார்ப்பதற்குக் குறைந்த அனுபவம் அல்ல. அசிங்கமான பக்கங்களைக் கிழிக்காதீர்கள்.

கட்டுரையை இந்தக் காயும் நேரத்தில் எழுதலாம். உங்களை இப்போது படுத்துவதையே தலைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரெஸ்கோவின் ஒரு நாள் கெடு ஓவியத்தை எப்படி மாற்றியது என்பதே நல்ல கேள்வி. அந்தக் கெடு பிடிக்காமல் லியோனார்டோ 1490களில் 'கடைசி விருந்து' ஓவியத்தைக் காய்ந்த சுவரில், திருத்தித் திருத்தி வரைந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிர ஆரம்பித்துவிட்டது. சிஸ்டைன் கூரையையும் இந்தச் சுவரையும் எதிரெதிரே வைத்தால் கட்டுரை தானாக நகரும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன், இரண்டு படங்களிலும் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் படத்துக்கு ஒரு பக்கம் எழுதிவிடுங்கள்.

அவகாசம் கேட்பதாக இருந்தால் இந்த வாரமே, கையில் வேலையோடு போய்க் கேளுங்கள். முந்தின நாள் வெறுங்கையோடு போனால் எந்த ஆசிரியரும் இரங்க மாட்டார். கடைசி நாளை மாட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொக்கி, கம்பி, லெவல், லேபிள் என்று அதுவே ஒரு நாளைத் தின்னும். ஈரமான படம் இருந்தால் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்துத் தூக்காதீர்கள், நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துக் கட்டுங்கள்.

களிமண் தலை காய்ந்ததா என்று தெரிய ஒரு வழி: அதன் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அந்த முறை சூளையில் வைக்க வேண்டாம், அடுத்த முறைக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்